கட்டை ஈரமா, கடைந்தவர் குறையா?

1989 மார்ச் 23. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இரண்டு வேதியியலாளர்கள் பத்திரிகையாளர்களை அழைத்துப் பேசினார்கள். ஒருவர் மார்ட்டின் ஃபிளெய்ஷ்மன், இங்கிலாந்தில் பெயர் பெற்ற மின்வேதியியல் அறிஞர். இன்னொருவர் ஸ்டான்லி பான்ஸ், அந்தப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைத் தலைவர். ஒரு கண்ணாடிக் குழாயில் கனநீர், அதற்குள் ஒரு பல்லேடியக் கம்பி, அதைச் சுற்றிப் பிளாட்டினக் கம்பி. இதில் மின்சாரத்தைப் பாய்ச்சினால், கொடுத்ததைவிட அதிகமான வெப்பம் வருகிறது. எந்த வேதிமாற்றமும் இவ்வளவு வெப்பம் தராது. ஆகவே உள்ளே அணுக்கருக்கள் இணைகின்றன என்றார்கள். சூரியனின் மையத்தில் ஒன்றரைக் கோடி டிகிரியில் நடக்கிற காரியம், மேசை மேல் ஒரு கண்ணாடிக் குழாயில்! 'குளிர் அணு இணைவு' என்று அதற்குப் பெயர் வந்தது.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளில் பெரும்பாலோர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். உலகமே ஒரு மாதம் வேறு எதையும் பேசவில்லை என்று சொல்லலாம். எண்ணெய் வேண்டாம், நிலக்கரி வேண்டாம், கடல்நீரில் இருக்கும் கனநீர் போதும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

பல நாடுகளில் ஆய்வுக்கூடங்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தன. சிலருக்கு வெப்பம் வந்தது. பெரும்பாலோருக்கு வரவில்லை. வராதவர்கள் கேட்டபோது கிடைத்த பதில்களில் ஒன்றுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "உங்கள் பல்லேடியம் சரியில்லை."

இந்தப் பதிலை நான் தினமும் கேட்கிறேன். பினாங்கில் சில்லுகள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் மூலப்பொருளைச் சோதித்து உள்ளே விடும் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருகிற மெல்லிய செம்புக் கம்பியின் மேல் பல்லேடியம் பூசியிருக்கும். தலைமுடியைவிட மெல்லிசு. உற்பத்திப் பக்கம் ஏதாவது பழுதாகிவிட்டால், இயந்திரத்தைப் பார்க்கும் முன்பே போன் வரும்: "மெட்டீரியல் பிரச்சனை லா." சில நேரம் அது உண்மை. பல நேரம் இல்லை. எது எப்போது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் குளிர் இணைவின் கதையை நான் ஒரு பௌதிகக் கதையாக வாசிக்கவில்லை. ஒரு கியூ.சி. கதையாகத்தான் வாசித்தேன்.

முதலில் அவர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது சின்ன நியாயம் இல்லை.

பல்லேடியம் ஒரு விசித்திரமான உலோகம். பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல அது ஹைட்ரஜனைக் குடிக்கும். தன் கன அளவைப்போலச் சுமார் 900 மடங்கு ஹைட்ரஜன் வாயுவை உள்ளே வாங்கிக்கொள்ளும். 1866இலேயே தாமஸ் கிரஹாம் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் இதைக் கண்டு எழுதிவிட்டார். கனநீரில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதைவிட இரு மடங்கு எடையுள்ள டியூட்டீரியம் இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அந்த டியூட்டீரியம் பல்லேடியத்துக்குள் நுழைகிறது. நுழைய நுழைய உலோகம் உப்பும். உப்பும்போது உள்ளே இருக்கும் நுண்ணிய குறைகள் விரிசலாகும். விரிசல் விழுந்தால் நுழைந்த வாயு அதன் வழியே வெளியே போய்விடும், நிறையவே நிறையாது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

ஆக, ஒரே கடையில் வாங்கிய இரண்டு துண்டுப் பல்லேடியம் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. எப்படி உருக்கினார்கள், எப்படி இழுத்துக் கம்பியாக்கினார்கள், எந்தச் சூட்டில் பதப்படுத்தினார்கள், மேல்பரப்பில் என்ன ஒட்டியிருக்கிறது, எல்லாமே கணக்கில் வரும். பல்லேடியம் மட்டுமா? கனநீர் திறந்திருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாதாரண நீர் அதில் கலந்துவிடும். (நம்ம ஊர்க் காற்றில் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். பாவம் அந்தக் கனநீர்.) எதிரே இருக்கும் பிளாட்டினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பல்லேடியத்தின் மேல் படியும். கண்ணாடிக் குழாயிலிருந்தே சிலிக்கனும் போரானும் கரைந்து வரும். வாரக்கணக்கில் ஓடும் சோதனையில் முதல் நாள் உள்ளே இருந்த பொருளும் இருபதாம் நாள் இருக்கிற பொருளும் ஒன்றல்ல.

எவ்வளவு நிறைய வேண்டும் என்பதற்கும் பிறகு ஒரு கணக்கு வந்தது. கலிபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் மைக்கேல் மெக்கூப்ரே குழுவினர் பல வருடம் அளந்து, ஒரு பல்லேடிய அணுவுக்குச் சுமார் 0.9 டியூட்டீரிய அணு என்ற அளவைத் தாண்டி, அதைப் பல நாள் தக்கவைத்தால்தான் வெப்பம் தெரிகிறது என்றார்கள். 1989இல் அவசர அவசரமாகச் செய்து பார்த்த பல இடங்களில் இந்த அளவை யாரும் அளக்கவே இல்லை. அளந்த சிலருக்கும் 0.8 அளவில்தான் நின்றது. ஆனாலும் மே 1ஆம் தேதி, யூட்டா அறிவிப்பு வந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், பால்டிமோரில் கூடிய அமெரிக்கப் பௌதிகச் சங்கக் கூட்டத்தில் இந்த விஷயத்துக்குக் கிட்டத்தட்ட ஈமச்சடங்கே நடந்துவிட்டது. அந்த அவசரத்தை நான் பாராட்ட மாட்டேன். எங்கள் பிரிவில் ஒரு லாட்டை நிராகரிக்கவும் முறை இருக்கிறது. பார்க்காமல் "ரிஜெக்ட்" முத்திரை குத்தினால், பார்க்காமல் "பாஸ்" குத்தியதற்குக் கிடைக்கும் அதே ஏச்சு கிடைக்கும்.

சரி, இப்போது மறுபக்கம்.

நல்ல பல்லேடியம் என்றால் எது? ஃபிளெய்ஷ்மன் பின்னாளில் ஒரு குறிப்பிட்ட வகையைச் சொன்னார். ஜான்சன் மாத்தே நிறுவனம் ஹைட்ரஜன் வடிகட்டிகளுக்காகச் செய்துவந்தது. அமோனியாவைச் சிதைத்துக் கிடைக்கும் வாயுவின் போர்வையில் உருக்கியது. 'ஏ வகை' என்பார். இது உருப்படியான தகவல். எப்படிச் செய்தது என்று தெரிந்தால் இன்னொருவரும் அதைச் செய்து பார்க்கலாம். ஆனால் உலகமே கம்பியை வாங்கிச் சோதித்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்த 1989 வசந்தத்தில் இந்த விவரம் எல்லார் கையிலும் இருந்திருக்க வேண்டும். இல்லை. தோற்றவர்களுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது "சரியில்லை" என்ற தீர்ப்பு. எது சரி என்ற விவரம் பின்னால் வந்தது.

அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் ஆய்வுக்கூடத்தில் மெல்வின் மைல்ஸ் என்ற வேதியியலாளர் 1989இல் செய்த சோதனைகளில் ஒன்றும் வரவில்லை. அரசாங்கக் குழுவின் அறிக்கையில் அவர் பெயர் "வரவில்லை" பக்கத்தில் சேர்ந்தது. பின்னர் வேறு பல்லேடியத்தில் செய்தபோது வெப்பம் வந்ததாக எழுதினார். கடற்படையின் இன்னொரு ஆய்வுக்கூடம் போரான் கலந்து வார்த்துக் கொடுத்த பல்லேடியத்தில் எட்டுக்கு ஏழு சோதனைகளில் வந்தது என்றார். இதைப் படித்ததும் எனக்கு உடனே நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. ஏனென்றால் இங்கே பொருளின் பெயர் இருக்கிறது, செய்த இடம் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, தோற்ற ஒன்றும் கணக்கில் இருக்கிறது. லாஸ் அலமோஸில் வேலை பார்த்த எட்மண்ட் ஸ்டார்ம்ஸ் இன்னும் ஒரு படி போனார். பல்லேடியத்தை முதலில் நிறைத்துப் பார், கணக்குக்கு மேல் எவ்வளவு உப்புகிறது என்று அள, அதிகம் உப்பினால் உள்ளே விரிசல் இருக்கிறது, அதை ஒதுக்கு என்றார். வெப்பம் வருமா வராதா என்று பார்ப்பதற்கு முன்பே ஒதுக்கு. இதைத்தான் நான் கியூ.சி. என்பேன்.

ஆனால் அந்தத் துறையில் எல்லாரும் அப்படிப் பேசவில்லை. நிறைய பேச்சு இந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றியது: நல்ல பல்லேடியத்தில் வெப்பம் வரும். எது நல்ல பல்லேடியம்? வெப்பம் வருவதே நல்ல பல்லேடியம். இந்த வட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் எந்தச் சோதனையாலும் உங்களை வெளியே கொண்டுவர முடியாது. வந்தால் கொள்கை ஜெயித்தது. வராவிட்டால் கம்பி தோற்றது. கொள்கைக்கு எப்போதுமே விடுமுறை.

இன்னொன்று, வந்த வெப்பத்தை யார் சந்தேகித்தார்கள்? ஜார்ஜியா டெக் குழு 1989 ஏப்ரலில் நியூட்ரான் வருகிறது என்று அறிவித்து, சில நாளிலேயே திரும்ப வாங்கிக்கொண்டது. அவர்களுடைய கருவி சூட்டுக்கே எண்ணிக்கை காட்டியிருக்கிறது. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வாளருக்கு டிரிட்டியம் கிடைத்தது. டிரிட்டியம் என்பது டியூட்டீரியத்தைவிடக் கனமான, கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன். அது உண்டாகியிருந்தால் அணு இணைவுக்கு நல்ல சாட்சி. ஆனால் அவரே தோண்டிப் பார்த்து, தன் பல்லேடியத்தில் முன்பே டிரிட்டியம் கலந்திருந்தது என்று 1990இல் சொன்னார். பாருங்கள், பொருளின் குறை இரண்டு பக்கமும் வேலை செய்யும். வர வேண்டியதை வரவிடாமல் தடுக்கும். வராததை வந்ததுபோலவும் காட்டும். "பல்லேடியம் சரியில்லை" என்று தோற்றவர்களிடம் சொன்னவர்களில் எத்தனை பேர் ஜெயித்தவர்களிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள்?

அந்த மனிதர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. பலர் வேலையையும் பேரையும் இழந்தார்கள். யூட்டா மாநிலம் 50 லட்சம் டாலர் கொடுத்து ஆரம்பித்த ஆய்வுக்கழகம் 1991இல் மூடப்பட்டது. 1992 ஜனவரியில் எஸ்.ஆர்.ஐ.யில் ஒரு சோதனைக் கலம் வெடித்து ஓர் ஆய்வாளர் உயிரையே விட்டார். பான்ஸும் ஃபிளெய்ஷ்மனும் பிரான்ஸில் ஜப்பானியப் பணத்தில் நடத்திய ஆய்வுக்கூடம் 1998இல் நின்றது. நம்மவர்களும் இதில் உண்டு. பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பி.கே. ஐயங்கார், எம். சீனிவாசன் தலைமையில் 1989இலேயே பல குழுக்கள் இறங்கி, நியூட்ரானும் டிரிட்டியமும் கண்டதாக அறிக்கை எழுதின. 2011இல் இத்துறையின் உலக மாநாடே சென்னையில் நடந்தது. இத்தனை பேர் இத்தனை வருடம் உழைத்தும், "இந்தப் பல்லேடியத்தை எடு, இப்படிச் செய், யார் செய்தாலும் வெப்பம் வரும்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் நிலை வரவில்லை. கூகுள் பணம் கொடுத்து நடந்த ஆய்வு 2019இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அதிலும் வெப்பத்துக்குச் சாட்சி இல்லை. பல்லேடியத்தை அந்த அளவுக்கு நிறைப்பதே மிகக் கடினம் என்று மட்டும் உறுதியானது.

இந்த இடத்தில் ஆதரவாளர்கள் டிரான்சிஸ்டரைக் காட்டுவார்கள். நான் வேலை செய்யும் துறை, அதனால் இதை லேசாக விட மாட்டேன். ஆரம்பத்தில் ஜெர்மானியமும் சிலிக்கனும்கூட ஒரு துண்டு போல இன்னொன்று நடந்துகொள்ளாது. பெரிய பெரிய பௌதிக மேதைகளே அதை அழுக்குப் பிடித்த வேலை என்று ஒதுக்கினார்கள். 1947இல் டிரான்சிஸ்டர் வந்தது. பிறகு பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஃபான், கட்டியின் ஒரு சிறு பகுதியை மட்டும் உருக்கி, அந்த உருகலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்திக்கொண்டே போனால் அழுக்கெல்லாம் அதோடு சேர்ந்து ஓரம் போய்விடும் என்று காட்டினார். ஆயிரம் கோடி அணுவுக்கு ஒரு அந்நிய அணு என்ற அளவுக்குச் சுத்தம் செய்தார்கள். சுத்தமானதும் குழப்பம் தீர்ந்தது. பொருளைக் குறை சொன்னது அங்கே உண்மையாகவே இருந்தது. ஆனால் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்பதை டிரான்சிஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. மின்தடையை அளந்தாலே தெரியும், வேலைக்கு எடுக்கும் முன்பே தெரியும். அழுக்கைக் கூட்டினால் என்ன ஆகும், குறைத்தால் என்ன ஆகும் என்றும் சொல்ல முடிந்தது.

இனி நம்ம வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பொருளைக் குறை சொல்லும் இந்த விவாதம் 1989இல் பிறந்தது இல்லை. கௌதமரின் நியாய சூத்திரத்தில், இரண்டாம் அத்தியாயத்தில், அப்படியே இருக்கிறது. வேதத்தை ஏற்காத ஒருவர் கேட்கிறார்: பிள்ளை வேண்டும் என்றால் புத்திர காமேஷ்டி செய் என்று வேதம் சொல்கிறது, செய்தவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லையே, அப்படியானால் அந்த வாக்கு பொய்தானே? தசரதன் கதையில் நமக்கு அந்த யாகம் தெரியும். கௌதமர் சொல்லும் பதிலின் சாரம் இது: வாக்கு பொய்யில்லை, செயலில் குறை இருந்திருக்கலாம், செய்தவரிடம் குறை இருந்திருக்கலாம், சாதனத்தில், அதாவது பொருளில், குறை இருந்திருக்கலாம்.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மின்சாரம் சரியாகப் பாய்ச்சவில்லை, உனக்கு மின்வேதியியல் தெரியாது, உன் பல்லேடியம் சரியில்லை. யூட்டாவிலிருந்து வந்த அதே மூன்று பதில்! நம்ம மகரிஷியே அந்த வட்டத்துக்குள் சுற்றிவிட்டாரோ என்று நினைத்தேன்.

ஆனால் வாத்ஸ்யாயனர் உரையைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதில்லை. அவர் ஒரு உலக உதாரணம் தருகிறார். நெருப்பு வேண்டும் என்றால் இரண்டு கட்டைகளைக் கடை. தீக்கடைகோல் தெரியும்தானே? நெருப்பு வரவில்லை. ஏன்? கடைந்த விதம் தப்பாக இருக்கலாம். கடைந்தவருக்குப் புத்தியோ முயற்சியோ போதாமல் இருக்கலாம். கட்டை ஈரமாகவோ உள்ளே பொத்தலாகவோ இருக்கலாம். இதற்காகக் "கடைந்தால் நெருப்பு வரும்" என்ற வாக்கைப் பொய் என்று சொல்ல முடியாது.

இந்த உதாரணத்தில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கட்டை ஈரமா என்பதைக் கடைவதற்கு முன்பே கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம். தட்டினால் பொத்தல் சத்தத்திலேயே தெரியும். வெயிலில் காயவைத்துத் திரும்பக் கடைந்தால் நெருப்பு வரும். அடுத்த ஊர்க்காரரும் அதே கட்டையை எடுத்துக் கடையலாம். அதாவது "ஈரம்" என்ற வார்த்தைக்கு, "நெருப்பு வராதது" என்பதைத் தவிர வேறு அர்த்தம் இருக்கிறது. கௌதமருடைய பதில் நிற்பது அந்த வேறு அர்த்தத்தின் மேல்தான் என்பது என் வாசிப்பு. அது இருக்கும் வரை அது விளக்கம். அது போய்விட்டால் வெறும் சாக்கு. யூட்டாவுக்கும் இதே அளவுகோல்தான். கொஞ்சமும் நிறையாத கம்பியை வைத்து "ஒன்றுமே இல்லை" என்று எழுதியவர்கள் ஈரக்கட்டையைக் கடைந்தவர்கள். வெப்பம் வராததை மட்டும் வைத்துக் கம்பியை ஈரம் என்றவர்கள், கட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள்.

இதை எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்பில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். முடித்ததும் ஒரு தங்கை கேட்டாள். "அக்கா, எங்க சித்திக்குக் கல்யாணமாகி ஒன்பது வருசம். பிள்ளை இல்ல. மூணு தைப்பூசம் பால்குடம் எடுத்தாங்க. போன வருசம் 48 நாள் விரதத்துல ஆபீஸ்ல பர்த்டே கேக் ஒரு துண்டு சாப்பிட்டுட்டாங்களாம், அதுல முட்டை இருக்கும்னு நினைக்கல. அதான் பலிக்கலன்னு பாட்டி சொல்றாங்க. எல்லாரும் அதையே சொல்றாங்க. அது ஈரக்கட்டையா அக்கா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது.

நான் அவளிடம் திருப்பிக் கேட்டேன்: முதல் இரண்டு வருடம் என்ன காரணம் சொன்னாங்க? அவளுக்கு ஞாபகம் இருந்தது. முதல் வருடம் தீட்டு வீட்டுக்குப் போய்விட்டு வந்தார்களாம். இரண்டாம் வருடம் மனசு ஒருமுகமாக இல்லையாம். மூன்று வருடத்துக்கு மூன்று காரணம், மூன்றும் தைப்பூசம் முடிந்து மாதக்கணக்கான பிறகு கண்டுபிடித்தது. எந்த வருடமாவது பால்குடம் தூக்கும் முன்பு யாராவது, "இந்த விரதத்தில் குறை இருக்கிறது, இது பலிக்காது" என்று சொன்னார்களா? யாரும் சொல்லவில்லை. "நல்லபடியா முடிச்சுட்டே, அடுத்த வருசம் பிள்ளையோட வருவே" என்றுதான் அதே பாட்டி திருநீறு பூசினாராம்.

இன்னொரு சங்கதியும் சொன்னேன். வாத்ஸ்யாயனர் புத்திர காமேஷ்டி பற்றி எழுதும்போது செய்பவர் குறை என்று பெண்ணின் கருப்பைக் கோளாறை மட்டும் சொல்லவில்லை. ஆணின் வித்தில் உள்ள பழுதையும் கூடவே எழுதியிருக்கிறார். புரோகிதருக்குக் கொடுத்த தட்சிணை தப்பான வழியில் வந்த காசா என்பதையும் கேட்கிறார். சித்தப்பா டாக்டரிடம் போய்ச் சோதித்துப் பார்த்தாரா என்று யாரும் கேட்டதில்லை என்றாள் அந்தத் தங்கை. அவ்வளவு பழைய உரையாசிரியர் போட்ட பட்டியலில் பாதியை நம்ம குடும்பங்கள் கிழித்துவிட்டன. மீதியில் ஒரு துண்டு கேக் மட்டும் இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். எங்கள் கோயில் பெரியவர் ஒருவரே சொன்னார்: "பக்தியைக் கொண்டுபோய் ஆய்வுக்கூடத்துல வைக்காதம்மா. விரதம் முருகனுக்கும் நமக்கும் உள்ள உறவு. அதுல என்ன பாஸ், என்ன ஃபெயில்?" அவர் சொல்வது முழுக்கச் சரி என்றே நினைக்கிறேன். நானும் ஆறு வருடமாகப் பால்குடம் எடுக்கிறேன், எந்தக் கணக்கும் பார்த்ததில்லை. விரதம் என் நாக்கையும் கோபத்தையும் கொஞ்சம் அடக்குகிறது, அது போதும். ஆனால் ஐயா, பக்தியை ஆய்வுக்கூடத்தில் வைத்தது நான் இல்லை. "கேக் சாப்பிட்டாய், அதனால் பிள்ளை இல்லை" என்று சொன்ன நிமிடமே அது வைக்கப்பட்டுவிட்டது. அது காரணமும் விளைவும் சொல்லும் வாக்கியம். உறவு என்று சொல்பவர் விளைவைப் பேசக்கூடாது. விளைவைப் பேசுபவர் கட்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உலோகத்தை வீணாகப் பழி சொன்னால் உலோகத்துக்கு ஒன்றுமில்லை. இங்கே பழி விழுவது ஒரு மனுஷி மேல். மூன்று வருடமாக, அவர் விரும்பிச் செய்த ஒரு காரியத்தின் பேரில்.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "குறை சொல்றவங்க வாயை எந்த நூல் அடைக்கும்?" என்றார். நியாயமான கேள்விதான்.

அன்று வகுப்பு முடியும்போது அந்தத் தங்கை இன்னொன்று கேட்டாள். "பலிச்சவங்க விரதம் எப்படி இருந்துச்சுன்னு யாரும் பார்க்கறதே இல்லையே அக்கா. அவங்களைக் கேட்கலாமா?" எங்கள் வேலையில் இதைச் சொல்லித்தர எனக்கு ஒரு வருடம் பிடிக்கும், பழுதான லாட்டில் ஒரு குறையைக் கண்டால், நல்லபடியாக ஓடிய லாட்டிலும் அதே குறை இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. மரியாதையாகக் கேள், குறை கண்டுபிடிக்கிற மாதிரி கேட்காதே என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். அவர்கள் தாமானில் வேண்டுதல் பலித்ததாகச் சொல்லும் மூன்று அத்தைகளைக் கேட்டிருக்கிறாள். ஒருவர் 48 நாளும் கடுமையாக இருந்தவர். ஒருவர் எத்தனை நாள் என்பதையே மறந்துவிட்டார், ஒரு மூன்று வாரம் இருக்கும் என்றாராம். மூன்றாமவர் சிரித்துக்கொண்டே, நடுவில் ஒரு கல்யாண விருந்தில் தெரியாமல் கோழி ரசம் குடித்துவிட்டேன், முருகன் ஒன்றும் சொல்லவில்லை என்றாராம். அவருக்கு இரட்டைப் பிள்ளைகள்.

"சித்திகிட்ட காட்டினியா?" என்று கேட்டேன்.

"காட்டினேன் அக்கா. அந்தக் கோழி ரசத்தை ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் நோட்டை வாங்கிப் பாட்டி பார்க்கற மாதிரி டிவி பக்கத்துல வச்சுட்டாங்க."